பீப்பாயில் ஊறிய டெக்கீலா: காசு எதற்குப் போகிறது?

இந்தப் பகுதிக்கு வரும் மது தொடர்பான கேள்விகளில் முன்பெல்லாம் விஸ்கிக்கே பெரும்பங்கு. சமீபமாக, கற்றாழை போன்ற அகாவே என்ற செடியிலிருந்து மெக்சிகோவில் காய்ச்சும் டெக்கீலா நுழைந்திருக்கிறது, அதுவும் பீப்பாயில் ஊறிய விலை கூடிய ரகம். வந்தவற்றில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இந்த வாரம் சேர்த்துத் தருகிறேன். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வது நோக்கமல்ல. எப்படியும் வாங்கப்போகிறவர் ஏமாறாமல் வாங்கட்டும் என்பதுதான்.

கேள்வி: துபாய் விமான நிலையக் கடையில் ஒரே பிராண்டு டெக்கீலாவை மூன்று நிறத்தில் பார்த்தேன். "நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பழசு, அவ்வளவு உசத்தி" என்றார் விற்பனையாளர். நம்பலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம். நிறம் பீப்பாயிலிருந்தும் வரும், கேரமல் டப்பாவிலிருந்தும் வரும். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காய்ச்சி இறக்கியதும் டெக்கீலா தண்ணீர் போலத்தான் இருக்கும். அப்படியே பாட்டிலுக்குப் போனால் பிளாங்கோ. ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம் கிடந்தால் ரெபோசாடோ. 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் குறைந்தது 1 வருடம் இருந்தால் அன்யெஹோ. 3 வருடம் இருந்தால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ. இந்தக் கடைசி வகுப்பு 2006ல்தான் விதிகளுக்குள் வந்தது. வகுப்பின் பெயர் லேபிளில் கட்டாயம் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதை, நிறத்தை அல்ல. 'கோல்டு' என்றோ 'ஓரோ' என்றோ போட்டு, பொன்னிறத்தில் மினுங்குகிறதே ஒன்று, அது பெரும்பாலும் பீப்பாய் வாசனையே அறியாதது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கேரமல் நிறமி, ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகிய நான்கையும் டெக்கீலாவின் எடையில் 1% வரை சேர்த்துக்கொள்ள மெக்சிகோவின் விதி இடம் கொடுக்கிறது. சேர்த்ததை லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 1% தானே என்று தோன்றும். ஆனால் இவை வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள்: கேரமல் நிறத்தைக் கூட்டும், ஓக் சாறு மர மணத்தைக் கூட்டும், கிளிசரின் நாக்கில் வழவழப்பைக் கூட்டும், பாகு இனிப்பைக் கூட்டும். ஒரு பானம் பல வருடம் ஊறியது என்பதற்கு நாம் எதையெல்லாம் அடையாளமாக நினைக்கிறோமோ, அந்த நான்கையும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம்.

கேள்வி: அப்படியென்றால் லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் '100% அகாவே' என்ற சொல். அது இல்லாமல் வெறும் 'டெக்கீலா' என்று மட்டும் இருந்தால், புளிக்கவைத்த சர்க்கரையில் 51% மட்டும் அகாவேயிலிருந்து வந்தால் போதும் என்று பொருள். மீதி கரும்புச் சர்க்கரையாகவோ சோளப் பாகாகவோ இருக்கலாம். இந்தக் கலப்பு ரகத்தை டேங்கரில் ஏற்றுமதி செய்து வேறு நாட்டில் பாட்டிலில் அடைக்கவும் அனுமதி உண்டு. 100% அகாவே ரகத்தை டெக்கீலாவுக்கென்று வரையறுத்த பகுதிக்குள்ளேயே அடைக்க வேண்டும். ஹாலிஸ்கோ மாநிலம் முழுவதும், குவானாஹுவாதோ, மிச்சோவாகான், நயாரித், தமௌலிபாஸ் மாநிலங்களின் சில பகுதிகளும்தான் அந்த வரையறை. கலப்பு ரகத்தில் அன்யெஹோ கிடைக்கும் என்றாலும், அதைப் பீப்பாய்க்காகக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அடுத்தது 'நோம்' என்ற எழுத்துகளோடு வரும் நான்கு இலக்க எண். எந்த ஆலையில் செய்தது என்பதை அது சொல்லும். பிராண்டுகள் நூற்றுக்கணக்கில், ஆலைகள் அதைவிட மிகக் குறைவு. எனவே ஒரே எண்ணில் பல பிராண்டுகள் வருவது சாதாரணம். ஒரு பிரபலம் முகம் காட்டும் பாட்டிலைக் கையில் எடுத்தால் உடனே அந்த எண்ணைக் கைபேசியில் தேடுங்கள். அதே ஆலையிலிருந்து முப்பது நாற்பது பெயர்கள் வந்தால், நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் பாட்டில் வடிவத்துக்கும் முகத்துக்கும்தான். சில நேரம் இதே தேடல் லாபமாகவும் முடியும். எல் டெசோரோ, தபாதியோ என்ற இரண்டு பிராண்டுகளும் 1139 என்ற ஒரே எண்ணில், ஹாலிஸ்கோவின் அரண்டாஸ் பக்கத்து லா அல்தேன்யா ஆலையில் பிறப்பவை. செய்முறையில் வேறுபாடு உண்டு, ஆனால் கைப்பக்குவம் ஒரே குடும்பத்தினுடையது. விலை குறைவான பிராண்டை முதலில் வாங்கிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கடைசியாக, ஆல்கஹால் அளவு. விதிப்படி 35% முதல் 55% வரை இருக்கலாம். அமெரிக்கச் சந்தைக்குப் போவது 40%க்குக் குறையக் கூடாது. அதே பிராண்டு மெக்சிகோவிலும் ஐரோப்பாவிலும் 35, 38 என்று கிடைக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்கும்முன் இந்த எண்ணையும் 700 மி.லி.யா 750 மி.லி.யா என்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: '1942' என்று போட்ட டான் ஹூலியோ பாட்டிலை நண்பர் வாங்கிவந்தார். 1942ல் செய்ததா? அப்படியானால் திறக்காமல் வைத்திருந்தால் விலை ஏறுமா?

பதில்: செய்த ஆண்டு அல்ல. டான் ஹூலியோ கொன்சாலெஸ் டெக்கீலா தொழிலில் இறங்கிய ஆண்டு அது. உள்ளே இருப்பது அன்யெஹோ வகுப்பு. இரண்டரை வருடம் பீப்பாயில் இருந்தது. கண்ணாடிக்குள் போன பிறகு எந்தச் சாராயமும் மேற்கொண்டு பழுக்காது. திறந்து குடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் டொராண்டோவில இருக்கிறன். என்ர பெறாமகன் பிறந்தநாளுக்கு அன்யெஹோ டெக்கீலா போத்தல் ஒண்டு வாங்கித் தந்தவர். எனக்குத் தெரிஞ்சது உப்பும் தேசிக்காயும்தான். இதையும் அப்பிடிக் குடிக்கிறது பிழையோ? விஸ்கி மாதிரி ஐஸ் போடலாமோ?

பதில்: பிழை என்று யாரும் அபராதம் போடப்போவதில்லை. ஆனால் உப்பும் தேசிக்காயும் கூர்மையான, மலிவான டெக்கீலாவின் காரத்தை அடக்க உதவுபவை. அன்யெஹோவில் அடக்க வேண்டியது ஒன்றுமில்லை. தேசிக்காய் நாக்கைத் தொட்ட மறுகணம் பெறாமகன் கொடுத்த காசில் பாதி காணாமல் போய்விடும். ஐஸ் மணத்தைப் பூட்டிவிடும். முதல் தடவையாவது வெறுமனே குடித்துப் பாருங்கள்.

கிளாஸிலிருந்து தொடங்குவோம். கபாயித்தோ என்கிற உயரமான சின்ன ஷாட் கிளாஸ் வேண்டாம். மூக்கு நுழைய இடமில்லை. டெக்கீலாவுக்கென்றே ரீடல் நிறுவனம் செய்த ஒல்லிக் கிளாஸ் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் வாய் குறுகிய ஒயின் கிளாஸ் போதும். 30 மி.லி. ஊற்றி, அறையின் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். மேலே நிற்கும் ஆல்கஹால் நெடி கொஞ்சம் அடங்கும். சென்ட் பூசிய கையோடும், பக்கத்து அடுப்பில் தாளிதம் நடக்கும்போதும் உட்காராதீர்கள்.

முகரும்போது ஒயினுக்குச் செய்வதுபோல மூக்கை உள்ளே விட்டு இழுக்கக் கூடாது. 40% ஆல்கஹால் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டு, கிளாஸைச் சாய்த்து, முதலில் விளிம்பின் கீழ்ப்பக்கம், பிறகு நடு, பிறகு மேல்பக்கம் என்று மூன்று இடத்தில் மெதுவாக முகருங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று கிடைக்கும். வனிலா, பட்டை, கிராம்பு, தேங்காய், வறுத்த பாதாம், வெண்ணெய் டாஃபி: இவையெல்லாம் மரம் கொடுத்தவை. பெரும்பாலான அன்யெஹோ அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்து காலியான ஓக் பீப்பாயில்தான் ஊறுகிறது. உட்புறம் தீயில் கருக்கிய மரம். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வனிலா மணம் தரும் வனிலினாகிறது, ஓக்குக்கே உரிய லாக்டோன்கள் என்ற சேர்மங்கள் தேங்காய் மணத்தைத் தருகின்றன.

இவற்றை அடையாளம் கண்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. இனி அகாவேயைத் தேடுங்கள். அகாவே ஆறேழு வருடம் நிலத்தில் வளர்கிறது. இலைகளை ஹிமதோர் என்னும் தொழிலாளி கோவா என்ற வட்டக் கத்தியால் சீவித் தள்ள, நடுவில் எஞ்சும் கனத்த தண்டை அடுப்பில் வேகவைக்கிறார்கள். பழைய முறையில் செங்கல் அடுப்பில் இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த வேக்காட்டில் வரும் மணம், சாம்பலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சூட்டோடு பிளந்தால் வருகிற மணத்துக்கு மிக அருகில் இருக்கும். அதோடு கொஞ்சம் மிளகு, கொஞ்சம் தேசிக்காய்த் தோல், சில பாட்டிலில் ஈரமண். மரத்துக்கு அடியில் இது கிடைத்தால் உங்கள் பெறாமகன் நல்ல போத்தல் வாங்கியிருக்கிறார்.

முதல் வாய் கணக்கில் சேராது. அரை வாய் எடுத்து ஈறு, கன்னம் எல்லாம் படும்படி சுழற்றி விழுங்குங்கள். வாய் ஆல்கஹாலுக்குப் பழகத்தான் அது. ஒரு நிமிடம் கழித்து அடுத்த வாயைப் பத்து விநாடி வைத்திருங்கள். விழுங்கிய பின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். தொடக்கத்தில் இனிப்பு, நடுவில் மரமும் மிளகும், கடைசியில் மெல்லிய துவர்ப்பும் வெந்த அகாவேயும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். எல்லாம் ஒரே கணத்தில் வந்து, சட்டென்று அணைந்து, உதட்டில் பிசுபிசுப்பு மட்டும் நின்றால் சந்தேகப்படுங்கள். கேக் எசன்ஸ் போன்ற வனிலா மட்டுமே தூக்கலாக அடித்தாலும் அப்படியே.

வெறுங்கிளாஸைக் கழுவாமல் விட்டு அடுத்த நாள் காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் போய்விட்டிருக்கும். எஞ்சியிருப்பது மரமா அகாவேயா, இரண்டுமா என்பது முந்தின இரவைவிடத் தெளிவாகத் தெரியும். ரசித்துப் பழக வேண்டும் என்று உண்மையாகவே ஆசை இருந்தால், அதே ஆலையின் பிளாங்கோவைச் சின்னப் போத்தலாக உங்கள் ஊர் அரசு மதுக்கடையான எல்.சி.பி.ஓ.வில் தேடி வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். பிளாங்கோவில் இருந்து அன்யெஹோவில் காணாமல் போனது என்ன என்று பார்த்தால், பீப்பாய் கொடுத்ததும் எடுத்ததும் ஒரே இருப்பில் புரியும். ஐஸ் பிறகு போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் வேண்டுமென்றால் நாலைந்து சொட்டு போதும்.

கேள்வி: அன்யெஹோவைவிட எக்ஸ்ட்ரா அன்யெஹோ இரண்டு மூன்று மடங்கு விலை. அந்த அளவுக்கு உயர்ந்ததா?

பதில்: என் கருத்தில், பெரும்பாலும் இல்லை. ஸ்காட்லாந்து விஸ்கியின் வயதுக் கணக்கை இங்கே கொண்டுவருவதால் வரும் குழப்பம் இது. அங்கே குளிர், 12 வருடம் என்பது இளம் பருவம். டெக்கீலா என்ற பெயருள்ள ஊரும் அரண்டாஸ் மேட்டுநிலமும் வெயிலும் உலர்ந்த காற்றும் உள்ள இடங்கள். பீப்பாயில் இருப்பது வேகமாக ஆவியாகும், மரமும் வேகமாக இறங்கும். விலை ஏறுவதற்கு ஆவியாகிப்போன சரக்கும் பல வருடம் முடங்கிய முதலும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் செலவு கூடியதால் சுவை கூடிவிடாது. நாலைந்து வருடம் கிடந்த பல எக்ஸ்ட்ரா அன்யெஹோக்களைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் போர்பன் என்றோ காக்னாக் பிராந்தி என்றோ சொல்லிவிடலாம். அதுதான் வேண்டுமென்றால் நல்ல போர்பன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே.

பலமுறை பயன்பட்டுக் களைத்த பீப்பாயில் மெதுவாக ஊறவைத்து, அகாவேயைக் காப்பாற்றிக் கொண்டுவரும் எக்ஸ்ட்ரா அன்யெஹோக்களும் உண்டு. அவை அருமையானவை. அவற்றைப் பாரில் ஒரு பெக் வாங்கிச் சுவைத்த பிறகே முழுப் பாட்டிலுக்குப் போங்கள். இன்னொரு தகவல்: அன்யெஹோவோடு எக்ஸ்ட்ரா அன்யெஹோவைக் கலந்தால் அது அன்யெஹோ என்றுதான் விற்கப்பட வேண்டும். எனவே அன்யெஹோ என்ற லேபிளுக்குள் சில நேரம் அதைவிட வயதான சரக்கும் இருக்கும், விலை ஏறாமல்.

விலையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் கிலோ 30 பெசோவை ஒட்டி விற்ற அகாவே, 2024ல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஹாலிஸ்கோவில் சிறு விவசாயிகள் திண்டாடினார்கள். "அகாவே விலை ஏறிவிட்டது" என்று சொல்லி உயர்த்திய பாட்டில் விலை மட்டும் அதே வேகத்தில் இறங்கவில்லை.

கேள்வி: 'கிறிஸ்டலினோ' என்று தண்ணீர் நிறத்தில் ஒன்று, அன்யெஹோ விலையில் விற்கிறார்கள். என்ன விசேஷம்?

பதில்: அன்யெஹோவைப் பீப்பாயிலிருந்து எடுத்து, கரி வடிகட்டியில் விட்டு நிறத்தை நீக்கியது. நிறத்தோடு துவர்ப்பும் மணத்தில் ஒரு பங்கும் போகும். போனதை ஈடுகட்ட இனிப்புச் சேர்ப்பவர்களும் உண்டு. ஐஸோடு குடிக்கச் சுகமாக இருக்கிறது என்று மெக்சிகோவிலேயே பெரிய கூட்டம் இதை விரும்பிக் குடிக்கிறது. எனக்கோ, பீப்பாய்க்கு ஒரு கட்டணம், அந்தப் பீப்பாயின் தடயத்தை அழிக்க இன்னொரு கட்டணம் என்று தோன்றுகிறது.

கேள்வி: சேர்மானம் இருக்கிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழி உண்டா? உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறார்களே?

பதில்: சில சொட்டு விட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகு கை ஒட்டினால் பாகோ கிளிசரினோ இருக்கலாம். ஒட்டாவிட்டால் இல்லை என்று ஆகாது. குறிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம், நிரூபணமாக அல்ல. 'சேர்மானம் அற்றது' என்று தனியார் பட்டியல்கள் இருக்கின்றன. டெக்கீலாவை மேற்பார்க்கும் சி.ஆர்.டி. அமைப்புக்கு அவற்றோடு சண்டை. சான்று கொடுக்கும் அதிகாரம் தங்களுடையது என்பது அவர்கள் வாதம். வாங்குபவருக்கு அந்தப் பட்டியல்கள் உதவத்தான் செய்கின்றன. விதிக்கு உட்பட்டுச் சேர்த்த பாட்டில் கலப்படமல்ல, உடம்புக்குக் கேடு என்றும் சொல்ல முடியாது. பல வருட ஊறலுக்கான விலையை வாங்கிக்கொண்டு டப்பாச் சுவையைக் கொடுப்பதைப் பற்றித்தான் புகார்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். அகாவே இனிப்பு இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது, அதனால் டெக்கீலா நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: உண்மை இல்லை, அம்மா. ஆராய்ச்சி என்று சுற்றுவது, வேகவைக்காத அகாவேயின் இயற்கைச் சர்க்கரையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. டெக்கீலா செய்யும்போது அந்தச் சர்க்கரை வெந்து, புளித்து, ஆல்கஹாலாக மாறிவிடுகிறது. பாட்டிலில் அது இல்லை. இருப்பது ஆல்கஹால், கிராமுக்கு 7 கலோரி. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடலாம், குறிப்பாக வெறும் வயிற்றில். வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: சென்னையில் அன்யெஹோ விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர எவ்வளவு அனுமதி?

பதில்: இறக்குமதி டெக்கீலாவுக்கு மத்திய அரசின் சுங்கம் மட்டுமே 150%. அதற்கு மேல் மாநில வரிகள். ஆகவே இங்கே பாட்டிலின் பெரும்பகுதி விலை டெக்கீலாவுக்கே அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஒருவருக்குத் தீர்வையின்றி 2 லிட்டர் வரை அனுமதி, 750 மி.லி. பாட்டில் இரண்டு தாராளமாக அடங்கும், 1 லிட்டர் பாட்டிலும் இரண்டு. இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் கடையில் கொடுத்த முத்திரைப் பையை வீடு வரும்வரை பிரிக்காதீர்கள். அல்லது துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.

விமான நிலையக் கடை என்பதாலேயே மலிவு என்று நினைக்கவும் வேண்டாம். பயணிகளுக்கென்றே தனியாகச் செய்த 'சிறப்புப் பதிப்பு'ப் பாட்டில்கள் அங்கே அதிகம். வெளியே கிடைக்காததால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. எப்போதும் கிடைக்கும் பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்டின் ஊர்க்கடை விலையைக் கைபேசியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: திறந்த பாட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: கெட்டுப்போகாது, மணம்தான் தேயும். பாதிக்கு மேல் இருக்கும்வரை பல மாதங்களுக்குக் கவலை இல்லை. கால் பங்குக்கு இறங்கினால் உள்ளே காற்று அதிகம், எனவே ஒன்றிரண்டு மாதத்தில் முடிக்கப் பாருங்கள், அல்லது மூடி இறுகும் சின்னக் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றுங்கள். வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். தக்கை பொடிந்து உள்ளே விழுந்துவிட்டால் பதற வேண்டாம், காபி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்ளலாம்.